தூக்கி வந்தவரைத் தேடிப் போகிறவர்



தீக்காயத்தோடு ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது எல்லாருடைய கண்களும் அவர்மேல்தான் இருக்கும். மருத்துவர் விரைந்து வருவார். செவிலியர் குளுக்கோஸ் ஏற்ற ஆயத்தமாவார். உறவினர் வராந்தாவில் நின்று கதறுவார்கள். புகைக்குள் நுழைந்து அவரைத் தோளில் தூக்கி வந்தவரோ, முகத்தில் கரியோடு சற்று நேரம் வாசலில் நின்றுவிட்டுத் தம் வண்டிக்குத் திரும்பிவிடுவார். அவருடைய உடம்பில் காயம் இல்லை. ஆகவே அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்க வேண்டியவர் யார், எப்போது, எந்த விதமாகக் கேட்க வேண்டும் என்பதைக் குறித்து இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் இதைக் கடந்த 40 ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றிருக்கிறார்கள். நடுவில் ஒரு தவறான வழியிலும் சென்று திரும்பியிருக்கிறார்கள். அந்தத் தவறும் நமக்குப் பயனுள்ளது என்பதால் அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

1995ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி காலை 9.02 மணிக்கு, ஓக்லஹோமா நகரில் ஆல்ஃபிரட் முர்ரா என்பவரின் பெயர் கொண்ட அரசு அலுவலகக் கட்டடத்தின் முன் நிறுத்தப்பட்டிருந்த லாரியில் குண்டு வெடித்தது. 168 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் 2ஆவது மாடியில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. மாண்டவர்களில் 19 பேர் குழந்தைகள். அன்றைக்கு எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகமெங்கும் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. தலைக்கவசம் அணிந்த தீயணைப்பு வீரர் ஒருவர், ஒரு சின்னக் குழந்தையைக் கைகளில் ஏந்தி அதன் முகத்தைக் குனிந்து பார்க்கும் படம் அது. அந்தக் குழந்தைக்கு முந்தின நாள்தான் முதலாவது பிறந்தநாள். குழந்தை பிழைக்கவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் குழந்தைக்காகக் கண்ணீர் விட்டார்கள், அது நியாயம்தான். குழந்தையை ஏந்திய கைகளுக்கு உரியவரோ மறுபடியும் வேலைக்குப் போனார். அடுத்த ஆண்டுகளிலும் எத்தனையோ அழைப்புகளுக்கு ஓடினார். தம் மனம் உடைந்திருந்ததையும், குடும்ப வாழ்க்கை ஆட்டம் கண்டதையும், தமக்குச் சிகிச்சை தேவைப்பட்டதையும் நெடுங்காலம் கழித்தே அவர் வெளிப்படையாகச் சொன்னார். பிற்பாடு மற்றத் தீயணைப்பு வீரர்களிடமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அந்த இடிபாடுகளில் வேலை செய்த 181 தீயணைப்பு வீரர்களை மனநல மருத்துவர்கள் பின்னர் சந்தித்து ஆராய்ந்தார்கள். அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் 100க்கு 13 பேரிடம் காணப்பட்டது. குண்டுவெடிப்பில் நேரடியாகச் சிக்கிய ஆண்களில் இது 100க்கு 23 ஆக இருந்தது. எனவே பெரும்பாலான வீரர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கொடிய காட்சியைக் கண்டவர் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவினால் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர். குண்டுவெடிப்புக்குப் பின் புதிதாக அந்தப் பழக்கத்தில் விழுந்தவர் அநேகமாக எவரும் இல்லை. முன்பிருந்தே அது உள்ளே இருந்தது. ஒரு நாளின் பெருந்துயரம் மட்டுமல்ல, பல வருடங்களாகச் சேர்ந்த சின்னச் சின்னத் துயரங்களையும் இந்த மனிதர்கள் எதையோ ஊற்றி அணைத்து வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

துயரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டதற்கு, நண்பர்களிடமும் உறவினரிடமும் போனோம் என்று சொன்னவர்களே அதிகம், சுமார் பாதிப்பேர். நாம் பேசவிருக்கும் காரியத்தின் வேர் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

முதலில், மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆபத்தில் உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகிறது. இருதயம் வேகமாய் அடிக்கிறது, கண் கூர்மையாகிறது, பசியும் களைப்பும் மறைந்துபோகின்றன. ஆபத்து நீங்கினதும் இவை தணிய வேண்டும். சில வேளைகளில் தணிவதில்லை. தூக்கம் வராது, வந்தாலும் அதே காட்சி கனவில் வரும். கருகின வாசனை எங்கிருந்தாவது வந்தால் உடம்பு அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடும். அடுக்களையில் பால் தீய்ந்தாலும் போதும். சம்பவம் நடந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றி வண்டி ஓட்டுவார். பிள்ளைகள் சத்தமிட்டால் எரிந்து விழுவார். அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போயிருப்பார். முதல் சில வாரங்களில் இவை வருவது இயல்பு. அநேகருக்குத் தாமாகவே குறைந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் மருத்துவர்கள் இதை நோய் என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதற்கு ஒரு தனிப் பெயர் கொடுத்துத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

சரி, பாதிக்கப்பட்டவர் மருத்துவரிடம் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். போகமாட்டார். தீயணைப்பு நிலையத்தின் வாழ்க்கையைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். அங்கே பலர் 24 மணி நேரம் தொடர்ந்து பணியில் இருக்கிறார்கள். சேர்ந்து சமைக்கிறார்கள், ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், ஒரே அறையில் படுக்கிறார்கள். மணி அடித்தால் ஒரே வண்டியில் ஏறுகிறார்கள். புகைக்குள் ஒருவருடைய உயிர் மற்றவருடைய கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் “என்னால் தூங்க முடியவில்லை” என்று சொல்வது, “நாளைக்கு என்னை நம்பி உள்ளே வராதே” என்று சொல்வதற்குச் சமமாகப்படுகிறது. வேலை போய்விடுமோ, பதவி உயர்வு தடைப்படுமோ என்ற பயமும் உண்டு. ஆகவே கேலியும் சிரிப்புமாகப் பேசி மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் ஆலோசகர் எவ்வளவு படித்தவரானாலும், “நீங்கள் அந்த ஏணியில் ஏறியிருக்கிறீர்களா?” என்ற ஒரே கேள்வியில் அவருடைய வாயை அடைத்துவிட முடியும். ஏறினவரைத் தேடிப்பிடித்து இந்தப் பணியில் வைத்தால் என்ன என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது.

இந்த எண்ணத்துக்கு முதலில் ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் ஜெஃப்ரி மிட்செல். மேரிலாண்டு மாநிலத்தில் தீயணைப்பு வீரராகவும் அவசர மருத்துவ உதவியாளராகவும் இருந்து, பின்னர் உளவியல் படித்தவர் அவர். 1983இல் அவர் வெளியிட்ட முறை இது: கொடிய சம்பவம் நடந்து 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவை ஓர் அறையில் கூட்டுவார்கள். மனநலப் பணியாளர் ஒருவரும், பயிற்சி பெற்ற சக வீரர்களும் வட்டமாக உட்காருவார்கள். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், எது மிகவும் கொடியதாக இருந்தது, இப்போது உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்று 7 படிகளாகப் பேச்சு நகரும். 2 அல்லது 3 மணி நேரத்தில் கூட்டம் முடியும். இம்முறை வேகமாகப் பரவிற்று. 1990களில் பல நாடுகளில் தீயணைப்புத் துறை, காவல் துறை, மருத்துவமனை எல்லாம் இதைக் கைக்கொண்டன. சில இடங்களில் கூட்டத்துக்கு வருவது கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது.

கசப்பான பாடம் இங்கேதான் வந்தது. வேல்ஸ் நாட்டில் தீக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 133 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 1997இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு இப்படிப்பட்ட பேச்சு ஒரே முறை, தனியாகவோ துணைவரோடோ நடத்தப்பட்டது. மறு சாராருக்கு நடத்தப்படவில்லை. 13 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 100க்கு 26 பேருக்கு அதிர்ச்சி நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 100க்கு 9 பேருக்கே இருந்தது. இந்த ஆய்விலும் குறை உண்டு. பேசவைக்கப்பட்டவர்களின் நிலைமை தொடக்கத்திலேயே சற்று மோசமாக இருந்தது. ஆனாலும் பின்வந்த ஆய்வுகளும் இப்படி ஒரு முறை மட்டும் கூட்டிப் பேசவைப்பது நோயைத் தடுப்பதாகக் காட்டவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுக் குழு 2005இல், இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தது; 2018இலும் அதையே மறுபடி சொன்னது.

மிட்செலின் பக்கத்தார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் முறை சேர்ந்து வேலை செய்யும் குழுவுக்காக ஏற்பட்டது, படுக்கையில் தனியாய்க் கிடக்கும் நோயாளிக்காக அல்ல என்றார்கள். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம்முடைய எண்ணத்தில், தவறு பேசுவதில் இல்லை. காயம் ஆறத் தொடங்கும் முன்னே கட்டைப் பிரித்துப் பார்க்கும்படி வற்புறுத்தினதும், ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி அறையைப் பூட்டிவிட்டுப் போனதும்தான் தவறு. யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தது நம் வாசகர்களுக்குத் தெரியும். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை ஆரம்பமாயிற்று!

மிகப்பெரிய சோதனை 2001 செப்டம்பர் 11 அன்று வந்தது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரு கோபுரங்களும் விழுந்தபோது அந்நகரத் தீயணைப்புத் துறை ஒரே காலையில் 343 பேரை இழந்தது. துறையின் சாப்ளினாக இருந்த பிரான்சிஸ்கன் துறவி மைக்கல் ஜட்ஜும் அவர்களில் ஒருவர். ஊழியர்களின் மனப்பாரத்தைக் கேட்டு வந்த மனிதரே முதல் நாளிலேயே போய்விட்டார். மன்ஹாட்டன் 8ஆவது அவென்யூவில் உள்ள ஒரு நிலையத்தில் மட்டும் 15 பேர் திரும்பி வரவில்லை. மற்றொரு நிலையத்திலிருந்து போன 13 பேரில் 12 பேர் மாண்டார்கள். மீந்திருந்தவர்களின் நிலைமை என்ன? அடுத்த மே மாதம் வரைக்கும், ஏறக்குறைய 9 மாதங்கள், இடிபாடுகளைக் கிளறித் தங்கள் தோழர்களின் உடல்களைத் தேடினார்கள். இடையிடையே அடக்க ஆராதனைகளுக்குச் சீருடையோடு போய் நின்றார்கள். மணி அடித்தால் வழக்கமான தீயை அணைக்கவும் போனார்கள். அந்த நாட்களில் “சம்பவத்துக்குப் பின்” என்பது எது? சம்பவம் இன்னும் முடியவே இல்லையே. 72 மணி நேரக் கணக்கு அங்கே பொருளற்றுப்போயிற்று.

நல்ல வேளையாக அத்துறையில் ஆலோசனைப் பிரிவு ஒன்று பல ஆண்டுகளாகவே இருந்தது. குடிப்பழக்கத்தால் தத்தளித்த ஊழியர்களுக்கு உதவ ஏற்பட்டது அது. குடியிலிருந்து மீண்ட வீரர்களே புதிதாக வருகிறவர்களுக்குக் கைகொடுப்பது அங்கே பழக்கமாக இருந்தது. மலாக்கி காரிகன் என்பவர் அதன் தலைவர். சிறியதாயிருந்த அந்தப் பிரிவு 2001க்குப் பிறகு பெருகி, வீரர்களின் குடும்பங்கள் வசிக்கும் புறநகர்ப் பகுதிகளிலும் இடம் பிடித்தது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள் பயிற்சி பெற்று நிலையம் நிலையமாகப் போனார்கள். அதிகமானவர்களை இழந்த நிலையங்களுக்கு மனநல ஆலோசகர் ஒருவரும் தொடர்ந்து போய் வந்தார். 1995இல் துயரம் அனுபவித்த ஓக்லஹோமாக்காரர்களிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டார்கள்.

போனவர்கள் செய்த வேலை, பார்வைக்கு வேலையாகவே தோன்றாது. சமையலறை மேஜையில் காபிக் கோப்பையோடு உட்காருவார்கள். பழைய கதை பேசுவார்கள். உருளைக்கிழங்கு உரிக்கவும் கூடுவார்கள். முதல் நாள் யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். அதற்கடுத்த வாரமும் வருவார்கள். ஒருநாள் புறப்படும்போது வண்டி நிறுத்துமிடம் வரை ஒருவர் கூடவே நடந்து வருவார். “என் மனைவி சொல்கிறாள், நான் தூக்கத்தில் கத்துகிறேனாம்” என்பார். பேச்சு அங்கேதான் துவங்கும்.

இப்படிப்பட்ட துணையாளரைத் தெரிந்தெடுப்பதில் கவனம் தேவை. மேலதிகாரி நியமிப்பதைவிட, “உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் இங்கே யாரிடம் சொல்லுவாய்?” என்று வீரர்களிடமே கேட்டுத் தெரிந்தெடுப்பது நல்லது. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்றிரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அமெரிக்க, கனடா தீயணைப்பு வீரர்களின் சர்வதேசத் தொழிற்சங்கம் 2016 முதல் இதற்காக 2 நாள் பயிற்சி அளித்து வருகிறது. கவனித்துக் கேட்பது, தற்கொலை எண்ணத்தின் அடையாளங்களை அறிந்துகொள்வது, மருத்துவரிடம் எப்போது, எப்படி அழைத்துச் செல்வது, தன்னையும் காத்துக்கொள்வது ஆகியவையே பாடங்கள். 2 நாளில் ஒருவர் மருத்துவராகிவிடுவதில்லை. ஆகத் தேவையும் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சை கொடுப்பதும் அவருடைய வேலை அல்ல. கரையிலிருந்து படகு வரைக்கும் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவர் அவர். அதே சங்கம் 2017இல் மேரிலாண்டில், தீயணைப்பு ஊழியர்களுக்கென்றே ஒரு சிகிச்சை இல்லத்தையும் திறந்தது. துணையாளர் அழைத்து வரும் மனிதரைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் அல்லவா?

இரகசியம் காப்பது மிக முக்கியமானது. கேட்டதைத் துணையாளர் அதிகாரியிடம் ஒருதரம் சொன்னால் போதும், அந்த நிலையத்தில் அதற்குப் பிறகு யாரும் அவரிடம் வாய்திறக்கமாட்டார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இந்த இரகசியத்தைச் சட்டமே பாதுகாக்கிறது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் தம் உயிரையோ பிறர் உயிரையோ மாய்க்கப்போகிறார் என்று தெரிந்தால் மௌனமாக இருக்கக் கூடாது. இந்த விலக்கைப் பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பிற்பாடு மீறினால் அது துரோகமாகத் தெரியும்.

இது வீண் எச்சரிக்கை அல்ல. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியின்போது உயிரிழந்த தீயணைப்பு வீரர்கள் 93 பேர். அதே ஆண்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள், தெரியவந்த அளவிலேயே, 103 பேர். இதை 2018இல் வெளியான ஓர் அறிக்கை எடுத்துக் காட்டிற்று. பணியில் மாண்டவருக்குச் சீருடை அணிவகுப்பும், கல்லில் பெயரும் கிடைக்கின்றன. மற்றவருடைய வீட்டில் உறவினர் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஆகவே துணையாளர்களுக்கு ஒன்றைத் திட்டமாய்க் கற்றுக்கொடுக்கிறார்கள். சந்தேகம் வந்தால், “தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறாயா?” என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களும் உண்டு.

பிரிட்டனில் வேறொரு வழி வழங்குகிறது. அங்குள்ள கடற்படை வீரர்களிடையே 1990களில் உருவாகி, பிற்பாடு பல தீயணைப்புத் துறைகளும் ஏற்றுக்கொண்ட முறை அது. பயிற்சி பெற்ற சக ஊழியர், சம்பவத்திலிருந்து 3 நாள் கழித்து ஒருவரைச் சந்தித்து, தூக்கம், குடி, குற்ற உணர்வு, கோபம் இவற்றைக் குறித்து விசாரிப்பார். மனதைத் திறந்து கொட்டும்படி வற்புறுத்துவதில்லை. ஒரு மாதம் கழித்து அதே மனிதரை மறுபடியும் சந்தித்து அதே காரியங்களைக் கேட்பார். நிலைமை குறைந்திருந்தால் சந்தோஷம். கூடியிருந்தால் மருத்துவரிடம் அனுப்புவார். மிகவும் எளிய முறை. இரண்டாவது முறை வருவதில்தான் அதன் பலன் இருக்கிறது என்று நமக்குப் படுகிறது.

ஒரு மாதத்துக்குப் பின்னும் தணியாத நோய்க்கு இப்போது நல்ல சிகிச்சைகள் உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவரின் துணையோடு அந்த நினைவைச் சிறிது சிறிதாக அணுகிப் பழகும் பேச்சுச் சிகிச்சை உண்டு. தேவையானவர்களுக்கு மருந்தும் உண்டு. அநேகர் குணமாகி வேலைக்குத் திரும்புகிறார்கள். குணமாகித் திரும்பினவரைவிட நல்ல துணையாளர் இல்லை. ஆனாலும் பழைய காயம் உள்ளவர் பிறர் காயத்தைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோகலாம். துணையாளரின் சொந்த வீடு உடைந்துபோவதும் நடக்கிறது. ஆகவே அவருக்கும் அவ்வப்போது ஓய்வும், அவர் பாரத்தைக் கேட்க மற்றொருவரும் தேவை. பல திட்டங்கள் தளர்ந்துபோவது இதை மறப்பதனாலேயே.

வீட்டாரையும் விட்டுவிடக் கூடாது. மாற்றத்தை முதலில் காண்கிறவர் மனைவிதான். அவர் சொல்லும் அறிகுறியை, “வீட்டுச் சண்டை” என்று அதிகாரிகள் தள்ளிவிடுவது வழக்கமாக இருந்தது. நியூயார்க்கில் விதவைகளையும் பிள்ளைகளையும் தேடி ஆலோசகர்கள் வீடுகளுக்கே போனார்கள். கணவர் உயிரோடு திரும்பி வந்தும் அவரை இழந்துவிட்டதாக உணர்ந்த மனைவிமாருக்கும் அங்கே இடமிருந்தது.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. இடிபாடுகளின் தூசியைச் சுவாசித்த வீரர்கள் புற்றுநோயாலும் நுரையீரல் நோயாலும் வருடந்தோறும் மாண்டுவருகிறார்கள். 2023 செப்டம்பரில் அப்படி மாண்டவர்களின் தொகையும் 343ஐ எட்டிற்று. ஒரே காலையில் இழந்தவர்களின் எண்ணிக்கையை எட்ட 22 ஆண்டுகள் ஆயின. இடிபாடுகளில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்கள் இப்போது தலைநரைத்த மனிதர்கள். சமையலறை மேஜையில் ஆரம்பித்த பேச்சைச் சிலர் மருத்துவமனைக் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டுத் தொடர்கிறார்கள்.